சம்பந்தியின் கல் ஒன்பதே நாளில் வந்தது

என் மகனே, உன் மாமனாரின் செல்ல மாப்பிள்ளையே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதைத்தான் குடும்பக் குரூப்பில் வாரா வாரம் பார்க்கிறேனே. போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமனாருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டாய். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரோடு பார்க்கில் நடந்தாய். அவர் ஒரு தொப்பி போட்டிருந்தார், நீயும் அதே மாதிரித் தொப்பி போட்டிருந்தாய். நான் எல்லாப் படத்துக்கும் கட்டை விரல் போட்டேன். எவ்வளவு பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன் என்பது அந்தக் கட்டை விரலில் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லது என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். இனி இருக்க முடியாது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பாதிப் பேச்சில் ஏதாவது கிண்டலடித்து, நீ சிரித்து, நான் சிரித்து, சொல்ல வந்தது அப்படியே போய்விடும். பேப்பர் சிரிக்காது. நான் ஐந்தாவது வரை படித்தவன். அதிலும் நம் ஊரிகம் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்த நாளைவிட பெஞ்சு மேல் நின்ற நாள்தான் அதிகம். பிழை இருந்தால் திருத்திக்கொள். எழுதி முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அதே குடும்பக் குரூப்பில் போடுவாள். பொய்யை எல்லாருக்கும் முன்னால் சொன்னவன் நிஜத்தையும் எல்லாருக்கும் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட கண்டிஷன். ஆகவே சம்பந்தி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். வணக்கம். உட்கார்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளம்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கல் வெளியே வரவில்லை. பௌர்ணமி அன்று உங்கள் எல்லாருக்கும் ஒரு கல்லைக் காட்டினேனே, அது என் உடம்பில் இருந்து வந்தது இல்லை. என் கல் இன்னும் உள்ளே, இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது வழியை அடைத்ததில் மேலே இருக்கிற வலது கிட்னி வீங்கிவிட்டது. வியாழக்கிழமை உள்ளே கருவி விட்டு எடுக்கப் போகிறார்கள். அந்தக் கிட்னி பழையபடி வேலை செய்யுமா என்பது எடுத்த பிறகுதான் தெரியுமாம். பதறாதே, இடது பக்கத்தது நன்றாக இருக்கிறது. இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பதை மெதுவாகச் சொல்கிறேன், கேள்.

முதலில் வலி வந்தது பெங்களூரில் உன்னோடு இருக்கிற உன் மாமனாருக்கு. அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார். பொங்கல் முடிந்த வாரம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், நீ இரண்டு நாள் லீவு போட்டு, காரில் கூட்டிக்கொண்டு போய், ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, மாத்திரை வாங்கி, பக்கத்திலேயே இருந்தாய். அவர் கேட்கவே இல்லையாம். “நான் வேணாம்னுதான் சொன்னேன் சம்பந்தி, மாப்பிள்ளை கேக்கவே இல்ல” என்று அவரே போன் போட்டுச் சொன்னார். அந்தக் குரலில் சொட்டின சர்க்கரையில் ஒரு தெருவுக்கே பாயசம் வைக்கலாம். ஒன்பதாம் நாள் கல் விழுந்துவிட்டது. நீ அதைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாய். உள்ளங்கையில் பஞ்சு, பஞ்சின் மேல் கொத்தமல்லி விதை அளவில் பழுப்பாக ஒரு கல். ஐந்து மில்லிமீட்டர். பேரன் பிறந்த மாதிரி எல்லாரும் வாழ்த்தினார்கள். நான் கல்லைப் பார்க்கவில்லை. கட்டை விரலுக்குக் கீழே வடு இருக்கிற அந்தக் கையைத்தான் பார்த்தேன். சின்ன வயதில் என் சைக்கிள் செயினில் விரலை விட்டு நீ வாங்கிக்கொண்ட வடு அது. என் பிள்ளை கையில் அடுத்த வீட்டு மனுஷனின் மூத்திரக் கல் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆறு வாரம் கழித்து என் முறை வந்தது. ஆண்டர்சன்பேட்டையில் இருந்து ஸ்டேஷனுக்கு ஒரு பெண் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன். வலது விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளி வைத்துத் திருகின மாதிரி இருந்தது. அப்படியே அடிவயிற்றுக்கு இறங்கியது. ஓரமாக நிறுத்தி ஹேண்டில் மேல் கவிழ்ந்துவிட்டேன்.

“அண்ணா, இன்னா ஆச்சு? ரயில் போயிடும்ணா!”

“ரயில் போனா அடுத்தது வரும்மா. இங்க உசுரே போவுது!”

பாவம், அந்தப் பெண் ரயிலை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அன்றைக்குக் காலையில் இருந்து நான் குடித்த முதல் தண்ணீர் அதுதான். ஆட்டோ ஓட்டுகிறவன் தண்ணீர் குடிக்க மாட்டான், குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். இருபது வருஷமாக அப்படியே காய்ந்து கிடந்திருக்கிறேன். நீ ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தாகமே தெரியாமல் காய்கிறாய். அப்பனுக்கு வந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகமாம். மாமனாரிடம் இருந்து உனக்கு இது வராது. இந்த ஒரு சொத்தில் எனக்கு மட்டும்தான் பாத்தியதை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கன்னடக்காரர், நம் ஊரில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாக வந்துவிட்டது. வலிக்கு ஊசி போட்டுவிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டினார். “யஜமான்ரே, கிட்னியில இருந்து மூத்திரப் பைக்கு ஒரு குழாய் வருது. கல் கடைசி வரைக்கும் இறங்கி வந்து, பை வாசல்ல மாட்டிக்கிச்சு. ஏழு மில்லி” என்றார்.

“எங்க சம்பந்திக்கு அஞ்சுதாங்க” என்றேன். உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

மாத்திரையில் கரைந்துவிடுமா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். “கரையாது. அந்தக் குழாய் ரப்பர் பைப் இல்ல, தசை. கல் உரசினா பயந்து இறுக்கிப் பிடிச்சுக்கும். அதான் இந்த வலி. இந்த மாத்திரை அந்தத் தசையைத் தளர்த்தி விடும். வழி கொஞ்சம் அகலமாகும், கல் தன்னால விழ வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், கேரண்டி இல்ல.” எனக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. நான் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த ஏழு வருஷமும் பார்த்ததுதானே. மேல் லெவலில் உடைத்த கல்லைக் கீழே தள்ளுகிற ஷூட் குழியில் ஒரு பெரிய கல் குறுக்கே மாட்டினால், அதற்கு மேலே எல்லாம் தேங்கி நின்றுவிடும். “அப்போ டைனமைட் வேணாம்ன்றீங்க” என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, விரல் மடக்கிச் சொன்னார்: தினம் ஒன்றே ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். தலை சுற்றும், உட்கார்ந்த இடத்தில் இருந்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும். வடிகட்டி வைத்து ஒன்றுக்குப் போக வேண்டும், கல் விழுந்தால் கொண்டுவர வேண்டும். குளிர் ஜுரம் வந்தால் அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும். நாலு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். “வலி நின்னாலும் ஸ்கேன்” என்று இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

மருந்துக் கடையில் அடுத்த அவமானம். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “அப்பாவுக்காண்ணா?” என்றார். எனக்குத்தான் என்றேன். “இது வயசானவங்களுக்கு மூத்திரம் சரியா எறங்கலன்னா குடுக்கறதாச்சே” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பத்து நாலு வயதில் தலைக்கு மை போட்டு வைத்திருப்பது இதற்குத்தானா? வயதானவர்களுக்கும் மூத்திர வழித் தசையைத் தளர்த்துகிற வேலைதான், அதே மாத்திரைதான் என்று டாக்டர் பிறகு சொன்னார். உன் மாமனாரிடம் மட்டும் அந்தக் கடைக்காரர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார், அவர் தலையில் மை போட ஒன்றும் இல்லை. மன்னியுங்கள் சம்பந்தி, கை தானாக எழுதிவிட்டது.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். “பயப்படாதீங்கப்பா, மாமாவுக்கும் இதே மாத்திரைதான். அவரு எவ்ளோ கரெக்டா இருந்தாரு தெரியுமா? ஒவ்வொரு டம்ளர் தண்ணியையும் டைரில எழுதி வெச்சாரு. நீங்களும் அதே மாதிரி இருங்க. ஞாயித்துக்கிழமை வரேன்” என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் மச்சானுக்கு ஏதோ பரீட்சை, நீ கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. “பரவால்லடா, நீ வந்து இன்னா பண்ணப் போற” என்றேன். அப்படிச் சொன்னால் நீ பதறிக்கொண்டு ஓடி வருவாய் என்று கணக்குப் போட்டேன். வர வேண்டாம் என்றால் வராமல் இருக்கிற பிள்ளையாக உன்னை வளர்த்தது நான்தான் என்பதை மறந்துவிட்டேன்.

நீ வரவில்லை, உன் மாமனாரின் போன் மட்டும் தினமும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் வந்தது. “வந்துச்சா சம்பந்தி?” “இன்னும் இல்லீங்க.” “எனக்கு இந்நேரம் அசைவு தெரிஞ்சுது. தண்ணி எத்தனை டம்ளர்?” “எண்ணலீங்க.” “எண்ணணும் சம்பந்தி, எண்ணணும்.” அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கோ, அடுத்த வீட்டுப் பிள்ளை பாஸான பிறகு என் ரிசல்ட்டைக் கேட்கிற மாதிரி இருந்தது. உன் அம்மா புதுசாக ஒரு வடிகட்டி வாங்கி, டீ வடிகட்டியோடு கலந்துவிடாமல் இருக்கக் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள். “இத மாத்தி எடுத்தீங்கன்னா நம்ம வீட்டு டீயப் பத்தி ஊரே பேசும்” என்றாள். வாழைத்தண்டு சாறு, பார்லித் தண்ணீர் எல்லாம் ஊற்றினாள். ஒன்பதாம் நாள் வந்தது, போனது. கல் வரவில்லை.

பத்தாம் நாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மாத்திரை ஒரு பங்கு தளர்த்தினால் இரண்டு மாத்திரை இரண்டு பங்கு தளர்த்தும் என்று, முந்தின ராத்திரி போட்டது போதாமல் வெறும் வயிற்றில் இன்னொன்று போட்டுக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். சவாரி வந்தது என்று சீட்டில் இருந்து குதித்தேன் பார், ஆண்டர்சன்பேட்டை மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி மெதுவாகக் கீழே உட்கார்ந்தேன்.

“இன்னாபா, காலைலயேவா?” என்றான் ஒருவன்.

“இல்லடா, மாத்திரை.”

“மாத்திரையா! எந்தக் கடையில ஊத்திக் குடுக்கறான்?”

அது எப்படியோ உன் காதுக்கு வந்து, நீ போனில் கத்தினாய். பீர் குடித்தால் கல் விழும் என்று எவனோ சொன்னதைக் கேட்டுக் குடித்திருக்கிறேன் என்று நீயாகவே முடிவு கட்டினாய். நானும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். உன் மாமனாரோடு போட்டி போட்டு மாத்திரையை இரண்டாக்கினேன் என்று சொல்வதைவிட, குடித்துவிட்டு விழுந்தேன் என்பது எனக்குக் கௌரவமாகத் தோன்றியது. சவாரி ஏறி, ஓட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மயக்கம் வந்திருந்தால்? ஒன்று என்று எழுதினால் ஒன்றுதான் போட வேண்டும், மகனே. இதை நீ உன் மாமனாரிடமே கற்றுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இருபதாம் நாள் பௌர்ணமி. நீங்கள் எல்லாரும் காரில் வந்து இறங்கினீர்கள். காலையில் விகாரைக்குப் போய் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சசீலம் சொன்னோம். பொய் சொல்ல மாட்டேன் என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன், உன் அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் உன் மாமனார் சட்டைப் பையில் இருந்து சிவப்பு வெல்வெட் மோதிரப் பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே பஞ்சில் அவருடைய கல். “சம்பந்திக்கு ஒரு தைரியம் வரட்டும்னு கொண்டாந்தேன்” என்றார். நீ அதை வாங்கி, தெருவில் நின்றவர்களுக்கும் காட்டினாய். “ஒம்போதே நாள்ல!” என்று சொன்னாய். முன்பு நீ வாங்கி வந்த கணக்குப் பரீட்சை மார்க்கை நான் இதே தெருவில் இதே மாதிரிக் காட்டினேன்.

“எனக்கும்தான் வந்துடுச்சே” என்றேன்.

எல்லாரும் திரும்பினீர்கள். எப்போது என்று கேட்டாய். இன்றைக்குக் காலையில் என்றேன். எங்கே என்று கேட்டாய். இதோ என்று பின்பக்கம் போனேன். சுரங்கத்தில் இருந்து என் அப்பா கொண்டுவந்த வெள்ளைக்கல் ஒன்று, பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறதே, அதன் மூலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். தேங்காய் உடைக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்துச் சாப்பிட்ட குடும்பம், ஏழு மில்லிக்கு ஒரு துண்டு தேற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீரில் கழுவி, தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். உன் மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அடேயப்பா! என்னுது மண்ணு மாதிரி கீது. உங்களுது மின்னுது சம்பந்தி!” என்றார். “நம்ம ஊரு தண்ணி அப்படிங்க” என்றேன். நீ எழுந்து வந்து, “சூப்பர்பா!” என்று என்னைக் கட்டிப்பிடித்தாய். உன் கல்யாணத்துக்கு அப்புறம் நீ என்னைக் கட்டிப்பிடித்தது அன்றைக்குத்தான். அதற்காக அந்த நிமிஷம் இன்னும் நாலு கல் வேண்டும் என்றாலும் உடைத்திருப்பேன்.

நீ சும்மா இருக்காமல், எந்த வகைக் கல் என்று தெரிந்தால் எதைச் சாப்பிடக் கூடாது என்று தெரியும் என்று அதைப் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுத்தாய். இது உடம்பில் உண்டான கல்லே இல்லை, பாறைத் துண்டு என்று சொல்லிவிட்டார்கள். நீ குழப்பத்தோடு போன் செய்தாய். குழாய்த் தண்ணீரில் மணல் வருகிறது, வடிகட்டியில் அதுதான் விழுந்திருக்கும், நிஜக் கல் தெரியாமல் ஓடிப்போயிருக்கும் என்று சொன்னேன். “ஓ, அப்படியாப்பா” என்றாய். அவ்வளவு படித்தவன், அப்பா சொன்னார் என்பதற்காக நம்பிவிட்டாய்.

உன் விஷயத்தில் நான் இப்படிப் பொய் சொன்னது முதல் தடவை இல்லை. நீ பத்தாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் வீட்டிலேயே கிடப்பாய். அவர் இப்படிச் சொன்னார், சார் அப்படிச் சொன்னார் என்று சாப்பிடும்போதும் அவர் பேச்சுத்தான். ஒரு சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, “அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லடா, கெளம்பு” என்றேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாய். வீட்டில் உன் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். “சும்மா வெளையாட்டுக்குடா” என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அது விளையாட்டு இல்லை. உன் நோட்டில் இருக்கிற கணக்கை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை, அவரால் முடிந்தது, அவ்வளவுதான் விஷயம். அன்று நீ வாத்தியார் வீட்டில் விட்டுவிட்டு வந்த பாடத்துக்கும், வழியில் விட்ட கண்ணீருக்கும் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். தேர் மாதிரி தாமதமாக வருகிறேன், வந்துவிட்டேன்.

கல் விழுந்தவன் மாத்திரை போடக் கூடாதே, அதனால் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் வலியும் நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் என் பொய்யை நானே நம்பத் தொடங்கினேன். மறு ஸ்கேனுக்குப் போகவில்லை. மூன்று மாதம் ஆயிற்று. போன வாரம் மத்தியானம் உன் அம்மா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“இன்னாங்க, ஒண்ணு கேக்கட்டா? பௌர்ணமி அன்னிக்குக் கல்லு விழுந்துச்சே, எதுல விழுந்துச்சு?”

“வடிகட்டியிலதான்.”

“செவப்பு நூலு கட்டினதுல?”

“பின்ன, டீ வடிகட்டியிலயா?”

“அத நான் அதுக்கு மொத நாள் ராத்திரியே கழுவிப் பரண் மேல வெச்சுட்டேன். சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்களே, கண்ணுல படக் கூடாதுன்னு.”

ரசம் இலையைத் தாண்டி ஓடியது. மூன்று மாதமாக இதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “புள்ள கட்டிப்புடிச்சப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். எப்படிச் சொல்றது? அப்பால நெஜமாவே போயிடுச்சு போலன்னு விட்டுட்டேன். இப்போ ஒரு வாரமா பாக்கறேன், வலது பக்கம் கைய வெச்சுக்கினே நடக்கறீங்க. எழுந்திருங்க, டாக்டரம்மாகிட்ட போலாம்” என்றாள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சிரிக்கவில்லை. “வலி நின்னாலும் ஸ்கேன்னு சொன்னேனா இல்லையா?” என்றார். சொன்னீர்கள் என்றேன். “வலி நின்னா கல் போச்சுன்னு அர்த்தம் இல்ல, யஜமான்ரே. அடைப்பு பழகிப் போனாலும் வலி நிக்கும். தண்ணி மேல தேங்கித் தேங்கி கிட்னி பலூன் மாதிரி ஆயிருக்கு. நாலு வாரத்துல வந்திருந்தா அப்பவே எடுத்திருக்கலாம். இனிமே மாத்திரைக்கு வேலை இல்ல.” நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், கதவுக்கு முட்டுக்கொடுத்த கல் வரைக்கும். அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். பிறகு கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, “கூட யார் வருவாங்க? பையன் இருக்கானா?” என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். “வருவானா?” என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது. அந்தக் கேள்விக்குச் சீட்டை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு எழுந்தேன்.

உன் அம்மா உடனே உனக்குப் போன் போடப் போனாள். நான்தான் தடுத்தேன். அவள் சொல்லி நீ வந்தால், அம்மா சொன்னதால் வந்தாய் என்று அதற்கும் ஒரு பொறாமை எனக்கு முளைக்கும். என் புத்தி எனக்குத் தெரியும். உன் மாமனார் கேட்காமலே நீ லீவு போட்டாய். எனக்கும் கேட்காமலே கிடைக்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். அவர் உன் வீட்டிலேயே இருக்கிறார், அவர் இடுப்பைப் பிடித்தால் உன் கண்ணில் படும். நான் இங்கே தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் தள்ளி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். நீ எதைப் பார்த்து ஓடி வருவாய்? உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அவன் யார் வீட்டிலோ தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிற காலம் வரும். அன்றைக்கு என்னைப் போல வேஷம் கட்டாதே. வேண்டும் என்றால் வேண்டும் என்று கேள்.

நானும் கேட்கிறேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலார் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் முன்னாலேயே கிளம்பி வா. லீவு போட்டு வா. கையெழுத்துப் போட நீ வேண்டாம், உன் அம்மா போடுவாள். மருந்து வாங்கித் தர ஆள் இருக்கிறது. சம்பந்தி, நீங்கள் தயவுசெய்து அன்றைக்கு வராதீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நல்லவர், தினமும் ஏழு மணிக்கு என்னை விசாரித்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அடுத்த வாரம் வாருங்கள், எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் உங்கள் எதிரிலேயே குடித்துக் காட்டுகிறேன். என் பொறாமை இன்னும் போகவில்லை, இந்தக் கடிதம் எழுதினதால் போய்விடவும் போவதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளை எனக்கு முழுசாக வேண்டும்.

மகனே, நீ உள்ளே வர வேண்டாம், விடவும் மாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திரு. முடிந்ததும் நர்ஸ் கதவைத் திறந்து என் பேரைச் சொல்லி, இவரோடு வந்தவர் யார் என்று கேட்பார். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போக ஊசி போடுவார்களாம், நான் உள்ளே விழித்துப் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். அப்போது நீ எழுந்து நின்று, நான் அவர் மகன் என்று எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்.

உன் அப்பா